அடி வாங்குகிற உடம்பும் இரண்டு சிரிப்பும்

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வடிவேலுவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் இங்கே இரண்டு விதமான முகங்களைப் பார்த்தேன். "இதுக்கெல்லாம் ஒரு கூட்டமாய்யா? போராட வேண்டியது எவ்வளவோ கெடக்கு" என்கிற முகம் ஒன்று. பேரைச் சொன்ன உடனேயே சிரிக்க ஆரம்பித்துவிட்ட முகம் இன்னொன்று. இந்த இரண்டு முகமும் ஒரே ஆளுக்கு இருப்பதையும் கவனித்தேன். முதலில் சிரித்துவிடுகிறார். பிறகு சிரித்ததற்காக உம்மென்று ஆகிவிடுகிறார். அந்த ஆளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

நம் ஆட்களிடம் வடிவேலுவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில் வருவதில்லை. "அவன் நம்ம பேச்சு பேசறான், நம்மள மாதிரி கறுப்பு, நம்மள மாதிரி அடி வாங்கறான். அவன் நம்மாளு" என்கிறார் ஒருவர். "நம்மள மாதிரி இருக்கிறவன் அடி வாங்கறதக் காட்டித்தான ஊரச் சிரிக்க வைக்கிறான், இதுல நம்மாளு என்ன வேண்டிக் கெடக்கு" என்கிறார் இன்னொருவர். 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. மேடைகளில் ஏறி விஜயகாந்தைத் தாக்கிப் பேசியதிலிருந்து அவரைப் பிடிக்காமல் போனவர்கள் உண்டு. சக கலைஞர்களோடு அவருக்கு இருக்கிற சண்டை சச்சரவுகளைச் சொல்லி வெறுக்கிறவர்களும் உண்டு. அது அவர்கள் சங்கத்தின் பாடு, நமக்கு அங்கே வேலையில்லை. "அவரு என்ன ஆளுங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறவர்களும் உண்டு. இந்த நாட்டில் யாரைப் பற்றிப் பேசினாலும் மூன்றாவது கேள்வி அதுதான். நடிகரின் சாதி எனக்கு வேண்டாம். அவர் போட்ட வேஷத்துக்கு என்ன சாதி, அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு என்ன சாதி என்பதுதான் எனக்கு வேண்டும்.

முதலில் டி.வி.யைப் பற்றிக் கொஞ்சம்.

வடிவேலு சினிமாக்காரர்தான். ஆனால் நாம் அவரைக் கொட்டகையில் பார்த்ததைவிட வீட்டில் பார்த்ததே அதிகம். 1991இல் ராஜ்கிரணின் 'என் ராசாவின் மனசிலே' படத்தில் வந்தார். அடுத்த இருபது வருஷம் ஓய்வில்லாமல் நடித்தார். 2011 தேர்தலுக்குப் பிறகு வாய்ப்பு நின்றது. 2014இல் தெனாலிராமன், 2015இல் 'எலி', இடையிடையே சில படங்களில் தலைகாட்டியது, அவ்வளவுதான். புலிகேசியின் இரண்டாம் பாகம் தகராறில் நின்று, தயாரிப்பாளர்களோடு வழக்காகி, 2021இல்தான் அது தீர்ந்தது. 2022 கடைசியில் 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வந்தது. பத்து வருஷம் ஒரு நடிகர் பாதி வேலையில்லாமல் கிடந்தால் சனம் மறந்திருக்க வேண்டும். மறக்கவில்லை. அந்தப் பத்து வருஷமும் காலை, மத்தியானம், ராத்திரி என்று ஆதித்யாவிலும் சிரிப்பொலியிலும் அவர் ஓயாமல் அடி வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்கள் வீட்டிலும் அவர்தான் ஓடினார்.

இந்தப் பெட்டி சேரிக்குள் வந்ததற்கு ஒரு வருஷக் கணக்கு இருக்கிறது. 2006இல் தி.மு.க. வாக்குறுதி கொடுத்து, ஆட்சிக்கு வந்து, இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அதற்குமுன் நம் வீடுகளில் பலவற்றில் டி.வி. கிடையாது. ஊர்த்தெருவில் யார் வீட்டு ஜன்னலுக்கு வெளியிலோ நின்று பார்த்தோம். பஞ்சாயத்து டி.வி.க்கு முன்னால் தனியாக ஒரு ஓரத்தில் குந்திப் பார்த்தோம். அந்தச் சனத்துக்குச் சொந்தப் பெட்டி வந்தது. இலவசம் என்று கேலி பேசியவர்களுக்கு இது புரியாது. நம் வீட்டில், நம் பாயில், காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டுச் சிரிக்கலாம். "என்னடா இளிப்பு?" என்று கேட்க ஆள் இல்லை. ஊர்க்காரன் முன்னால் சத்தமாகச் சிரிப்பதே திமிர் என்று கருதப்பட்ட மண்ணில், யாரும் கண்காணிக்காத இடத்தில் சிரிப்பது சின்ன விஷயமல்ல.

காமெடி சேனல்காரன் தெரியாமலே இன்னொரு வேலையும் செய்தான். படத்தில் காமெடியன் என்பவன் கதாநாயகனுக்கு எடுபிடி. கதாநாயகன் காதலித்துக் களைத்துப் போகிற நேரத்தில் வந்து பத்து நிமிஷம் சிரிக்க வைத்துவிட்டுப் போக வேண்டியவன். டி.வி.யில் என்ன நடக்கிறது? படத்தைக் கத்தரித்துக் காமெடியை மட்டும் போடுகிறார்கள். கதாநாயகன் போய்விட்டான், காதல் போய்விட்டது, கடைசிச் சண்டை போய்விட்டது. மிச்சம் இருப்பவன் இவன் ஒருத்தன்தான். 'வின்னர்' படத்தின் கதை என்ன என்று இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா? கைப்புள்ள யார் என்று கேட்டால் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை சொல்லும். ஓரத்தில் நின்றவனைக் கத்தரிக்கோல் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. இது பிரதியைக் கட்டுடைத்தல் என்று நாம் பெரிய பெரிய வார்த்தையில் சொல்கிறதை, விளம்பரக் காசுக்காக ஒரு சேனல் செய்த கதை.

ஆனால் அதே கத்தரிக்கோல் இன்னொன்றையும் செய்தது. அடி எதற்காக விழுந்தது என்கிற காரணத்தையும் வெட்டிவிட்டது. மிச்சமிருப்பது அடி மட்டும்தான். ஒரு கறுத்த உடம்பு. அதன்மேல் விழுகிற கை. திரும்பத் திரும்ப, வருஷக் கணக்கில்.

நம் மரபில் சிரிக்க வைக்கிறவன் கேவலமானவன் அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வேஷம் கட்டினவன் பக்கத்திலேயே நின்று, அந்த ராஜாவையே நக்கல் அடிக்கிற உரிமை அவனுக்கு உண்டு. துரியோதனனாக இருந்தாலும் தப்ப முடியாது. 1949இல் 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் கதாகாலட்சேபம் செய்தார். சிதம்பரத்துக்குப் போய் நெருப்பில் இறங்கிப் புனிதமாகிற நந்தனாரைத் தலைகீழாக்கி, பள்ளிக்கூடம் போய்ப் படித்து முன்னுக்கு வருகிற கிந்தனைக் காட்டினார். கோயிலுக்குப் பதில் படிப்பு, தீக்குண்டத்துக்குப் பதில் ரயில். அதில் சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நந்தனாரைக் கொளுத்தியவர்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புக்கு ஒரு திசை உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மேலே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று, கீழே பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு ஒன்று.

பிற்பாடு திசை மாறியது. கவுண்டமணி செந்திலை எட்டி உதைத்தார். நிறத்தைச் சொல்லி, தலையைச் சொல்லி, உடம்பைச் சொல்லித் திட்டினார். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. பண்ணையாரைக்கூட கவுண்டமணி மதிக்கமாட்டார், வாய்க்கு வந்ததைப் பேசுவார். ஆனால் உதை என்று வரும்போது அது செந்திலுக்குத்தான் விழும். வாய் மேல் நோக்கிப் பேசும், கால் கீழ் நோக்கி விழும். அந்தச் செந்திலின் இடத்துக்குத்தான் வடிவேலு வந்தார்.

அவர் வந்த வருஷங்களைப் பாருங்கள். 1992இல் 'சின்னக்கவுண்டர்', அதே வருஷம் 'தேவர் மகன்'. அடுத்து 1993இல் 'எஜமான்', 1994இல் 'நாட்டாமை'. தலைப்புகளே போதும். மண்டல் பரிந்துரையும் அம்பேத்கர் நூற்றாண்டும் நம்மைத் தெருவுக்குக் கொண்டுவந்த அதே காலத்தில், சினிமா ஆண்டைகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டைகளுக்கு வெள்ளை வேட்டி வேண்டும், திண்ணை வேண்டும், பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். சின்னக்கவுண்டருக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்தவர் வடிவேலு. 'தேவர் மகன்' படத்தில் அவர் இசக்கி. பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னான் என்று கோயில் பூட்டை உடைத்துத் திறக்கிறான். அதற்குத் தண்டனையாக அவன் கையை வெட்டுகிறார்கள். பூட்டைத் திறக்கச் சொன்னவன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கை போனவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, எஜமானுக்கு மனசு கஷ்டப்படக்கூடாது என்று ஆறுதல் சொல்கிறான். அந்தப் படத்தின் பாட்டு தென்மாவட்டங்களில் எங்கெங்கே, எந்தத் தெரு முனையில், எந்த நோக்கத்தோடு ஒலிபெருக்கியில் போடப்பட்டது என்பதை இங்கே வந்திருக்கிற தெற்கத்தித் தோழர்கள் சொல்வார்கள். 1995இல் கொடியங்குளம், 1997இல் மேலவளவு. திரையில் மீசை முறுக்கிய காலமும் நம் உடம்பில் வெட்டு விழுந்த காலமும் ஒன்றுதான்.

இந்தப் பின்னணியில் வைத்துக் கைப்புள்ளயைப் பாருங்கள்.

'வின்னர்' 2003இல் வந்தது. கைப்புள்ள யார்? மீசை வைத்திருக்கிறான். சங்கம் வைத்திருக்கிறான். பின்னால் நாலு பேர் வருகிறார்கள். வீர வசனம் பேசுகிறான், கோடு போட்டு அதைத் தாண்டாதே என்கிறான். பத்து வருஷமாகத் திரையில் ஆண்டைகள் என்னென்ன செய்தார்களோ அத்தனையும் செய்கிறான். பிறகு அடி வாங்குகிறான். வாங்கிவிட்டு, வாங்காத மாதிரி நடந்து வருகிறான். இதைப் பார்த்துச் சேரி சிரித்தது என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. வீரப் பரம்பரை என்கிற பெருமைப் பேச்சு முழுவதையும் காற்றுப் போன பலூன் மாதிரி ஆக்கிக் காட்டுகிறான் அவன். எந்த மீசையைப் பார்த்து நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததோ, அந்த மீசை மண்ணில் விழுந்து எழுந்து உதார் விடுகிறது. நமக்கு அதைவிடக் குளிர்ச்சி வேறென்ன?

ஆனால் அதே காட்சியைப் பார்த்து ஊர்த்தெருவும் சிரித்தது. அவர்கள் தங்கள் மீசையைப் பார்த்தா சிரித்தார்கள்? இல்லை. மீசை வைக்கத் தகுதியில்லாத ஒருத்தன் மீசை வைத்தான், தலைவனாகத் தகுதியில்லாதவன் சங்கம் வைத்தான், அதனால் அடி விழுந்தது என்று சிரித்தார்கள். நமக்கு அவன் ஆண்டையைப் போலச் செய்து காட்டுகிறவன். அவர்களுக்கு அவன் ஆண்டை மாதிரி ஆக ஆசைப்பட்டு உதைபட்டவன். ஒரே டி.வி., ஒரே காட்சி, ஒரே அடி. சிரிப்பு இரண்டு.

2006இல் வந்த 'தலைநகரம்' படத்து நாய் சேகரும் இப்படித்தான். தானும் ரவுடிதான் என்று நிரூபிக்க, போலீஸ் ஜீப்பில் தானே போய் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். எங்கள் காலனியில் அந்தக் காட்சிக்கு விழுகிற சிரிப்பு மற்ற எதற்கும் விழாது. ஏன்? கேட்காமலே பேர் எழுதப்பட்ட பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உட்கார வைக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜீப்பைப் பார்த்தால் ஓடப் பழகிய கால்கள் அவை. அந்த ஜீப்பில் ஒருத்தன் ஆசைப்பட்டு ஏறுகிறான் என்றால், பயம் ஒரு நிமிஷம் கோமாளித்தனமாகிவிடுகிறது. அந்த ஒரு நிமிஷம் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. ஜீப்பைப் பார்த்து ஓடத் தேவையில்லாத வீட்டில் இதே காட்சி வெறும் கோமாளித்தனம்தான்.

இந்த இரண்டு சிரிப்பும் தனித்தனி வீட்டில் இருக்கும்வரை பிரச்சினை வெளியே தெரியாது. ஒரே அறைக்குள் வரும்போதுதான் தெரியும். நான் வேலை பார்க்கிற வங்கியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கிளைக்கு ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு வருகிற ஒருவருக்குக் 'கைப்புள்ள' என்று பேர் வைத்திருந்தார்கள். ஆள் கறுப்பு, கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான் காரணம். அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். ஒரு நாள் மகளின் கல்விக் கடனுக்கு விண்ணப்பம் கொடுக்க வந்தார். வெளுத்த சட்டை போட்டு, வாடிக்கையாளராக வந்தார். அதிகாரி மேஜைக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "என்ன கைப்புள்ள, சேர்லாம் போட்டு உக்காந்துட்ட?" என்று ஒரு குரல். கிளை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"விண்ணப்பத்துல அவர் பேர் இருக்கு சார், அதச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். "காமெடிக்குச் சொன்னத இப்படி சீரியஸா எடுத்துக்கறீங்களே" என்று பதில் வந்தது. பிற்பாடு வெளியே டீக்கடையில் அவர் என்னிடம் சொன்னார்: "வீட்ல புள்ளைங்களோட ஒக்காந்து நானும் கைப்புள்ள காமெடிதான் சார் பாப்பேன். வுழுந்து வுழுந்து சிரிப்போம். அது வேற சார்."

அது வேற. இந்தப் பேச்சு முழுவதிலும் நான் சொல்ல வருவதை அவர் ரெண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் கைப்புள்ளயோடு சேர்ந்து சிரிக்கிறார். கிளையில் அவரே கைப்புள்ள. பார்க்கிறவனாக இருந்தவனைப் பார்க்கப்படுகிறவனாக மாற்ற ஒரு பட்டப்பேர் போதும். அவரை நாற்காலியிலிருந்து எழுப்ப யாரும் சாதிப் பேரைச் சொல்லவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் 'கைப்புள்ள' என்கிற சொல் வராது. சாதிப் பேரைச் சொல்லித் திட்ட முடியாத இடங்களில் காமெடிப் பேர் அந்த வேலையைப் பார்க்கிறது.

"அப்ப வடிவேலுதான் காரணமா?" என்று கேட்பீர்கள். இல்லை. பழியை நடிகர் தலையில் கட்டிவிட்டு, சிரித்தவர்களை வீட்டுக்கு அனுப்புவது சுலபமான வேலை. அதே மனிதர் 2006இல் சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' படத்தில் சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறந்து வைக்கிறார். வாருங்கள், அடித்துக்கொள்ளுங்கள், அரசுக்கு வருமானம் வரட்டும் என்கிற ராஜா. சாதிக் கலவரத்தால் யாருக்கு லாபம் என்பதை எத்தனையோ அரசியல் மேடைகள் சொல்லத் தயங்கியதை, ஒரு கோமாளி ராஜா கிரீடத்தோடு சொன்னார். அங்கே அவர் கட்டியங்காரன்தான், கிருஷ்ணனின் வாரிசுதான். அந்தக் குவியலில் அதுவும் இருக்கிறது. கறுப்பை, குண்டு உடம்பை, பெண்களை, திருநங்கைகளை, ஊனமுற்றவர்களைச் சிரிப்புப் பொருளாக்கிய காட்சிகளும் காமெடி சேனல்களில் விடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாகம் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகக் கும்பிடுவதும் மொத்தமாகக் கொளுத்துவதும் சோம்பேறித்தனம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 2019 மே மாதக் கடைசியில் 'நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள்' என்று உலகம் முழுக்க ஒரு வேடிக்கை பரவியது. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் சுத்தியல் தலையில் விழுந்த காண்ட்ராக்டர் நேசமணி. நாட்டின் பிரதமர் பதவியேற்கிற நேரத்தில் அதையும் தாண்டி ஒரு தமிழ்க் காமெடிப் பாத்திரம் பேசப்பட்டது என்று நாமும் பெருமைப்பட்டோம். நல்ல வேடிக்கைதான், நானும் ரசித்தேன். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சுத் திணறிச் செத்தவர்களின் கணக்கை 1993இலிருந்து எடுத்தால், தமிழ்நாடு இந்தியாவில் முன்வரிசையில் நிற்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்த பிறகும் நிற்கிறது. வேலைத்தளத்தில் அடிபட்ட கற்பனைத் தொழிலாளிக்காகப் பிரார்த்தித்த கைகள், வேலைத்தளத்தில் செத்த நிஜத் தொழிலாளிக்காக ஒரு தடவையாவது அப்படிச் சேர்ந்ததுண்டா? அடி விழுகிற உடம்பு திரையில் இருந்தால் சிரிப்பு, தொட்டிக்குள் இருந்தால் மௌனம்.

இப்போது 'மாமன்ன'னுக்கு வருகிறேன். 2023 ஜூன் 29 அன்று படம் வெளிவந்தது. 'தேவர் மகன்' இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்று மாரி செல்வராஜ் மேடையிலேயே, கமல்ஹாசன் இருக்கும்போதே சொன்னார். வெட்டப்பட்ட கைக்கு முப்பது வருஷம் கழித்து ஒருத்தர் கணக்குக் கேட்டார். அதே நடிகரை வைத்துக் கேட்டார் என்பதுதான் முக்கியம். மாமன்னன் தனித்தொகுதி எம்.எல்.ஏ. சொந்தக் கட்சிக்காரன் வீட்டில், மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, நிற்கிறார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை, நின்று பழகிவிட்டார். மகன்தான் அவரை உட்காரச் சொல்கிறான். ஒரு நாற்காலி, அதில் ஒரு மனுசன் உட்கார்வது, அவ்வளவுதான். அதற்கு அந்த வீடே ரணகளமாகிறது.

மிகைப்படுத்தல் என்று எழுதினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996இலிருந்து பத்து வருஷம் தலித் ஒருவரைத் தலைவர் நாற்காலியில் உட்காரவிடாமல் தேர்தலையே நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்காகத்தான் மேலவளவு முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல்கூட கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்ணை, கூட்டத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். மற்றவர்கள் நாற்காலியில். மிகையா இது?

அந்தப் படத்தை நான் தியேட்டரில் பார்த்தபோது ஒரு விஷயம் கவனித்தேன். முதல் பத்து நிமிஷம், வடிவேலு முகம் வந்தபோதெல்லாம் அங்கங்கே ஒரு சிரிப்புச் சத்தம் தயாராக இருந்தது. டி.வி. பழக்கிவிட்ட சிரிப்பு. அந்த முகம் எதுவும் செய்யவில்லை. சும்மா நின்றது. சிரிப்பு வந்து வந்து, இடம் கிடைக்காமல் திரும்பிப் போனது. மலை உச்சியில் நின்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறபோது கொட்டகை அடங்கிவிட்டது. முப்பது வருஷம் அந்த உடம்பு அடி வாங்கியபோதெல்லாம் அதற்குள் ஓர் ஆள் இருந்தான் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. நமக்கு அது முன்னாடியே தெரியும். நாம் அவரோடு சேர்ந்து சிரித்ததற்குக் காரணமே அதுதான். மாமன்னன் நமக்கு வேறொரு வடிவேலுவைக் காட்டவில்லை. வீட்டுக்குள் நாம் பார்த்துக்கொண்டிருந்த வடிவேலுவை ஊருக்குக் காட்டியது.

ஊர் என்ன செய்தது? ஜூலை 27 அன்று படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதன்பிறகு பகத் பாசில் நடித்த வில்லன் ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டிக் கொண்டாடினார்கள். நாயை அடித்துக் கொல்கிறவன், நாற்காலியில் உட்கார்ந்தால் பொறுக்காதவன், அவன்தான் அவர்களுக்குக் கதாநாயகன் ஆனான். மறுபடியும் அதே கத்தரிக்கோல். காமெடி சேனலின் கத்தரிக்கோல் ஓரத்தில் இருந்தவனை நடுவுக்குக் கொண்டுவந்தது. இவர்களுடைய கத்தரிக்கோல் தோற்ற ஆண்டையை மறுபடி சிம்மாசனத்தில் ஏற்றியது. அடி வாங்குகிறவனாக இருந்தவரை எல்லோருக்கும் செல்லப் பிள்ளையாக இருந்த வடிவேலு, உட்கார்ந்தவுடன் அவர்களுக்கு அந்நியமாகிவிட்டார். அவரை ரசித்ததற்கு அவர்கள் வைத்திருந்த நிபந்தனை என்ன என்பது அன்றைக்கு வெளுத்தது.

அந்தக் காட்சிகள் பரவிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2023 ஆகஸ்ட் 9 ராத்திரி, நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அதே பள்ளிக்கூடப் பிள்ளைகள். சினிமாவைப் பார்த்துத்தான் வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சாதியைத் தப்பவிட்டுவிடுவோம். நான் சொல்வது வேறு. வெட்டுக்கு முன்னால் பள்ளியில் தொந்தரவு இருந்தது, அதை அந்தப் பிள்ளை வாய்திறந்து சொன்ன பிறகுதான் அரிவாள் வந்தது. ஏவல், ஏளனம், பட்டப்பேர் என்று பள்ளிக்கூடங்களில் நடப்பதை எத்தனை ஆசிரியர்கள் 'பசங்க வெளையாட்டு' என்று விட்டுவிடுகிறார்கள்? அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. செய்ய வேண்டியதுதான். ஆனால் வாயில் கட்டியிருக்கிற கயிற்றை எந்த அரசாணை அறுக்கும்? "காமெடிக்குச் சொன்னேன் சார்" என்கிற கயிறு.

அதனால்தான் இந்தக் கலந்த மனசை நான் பலவீனமாகப் பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் சிரிப்பும் வருகிறது, சங்கடமும் வருகிறது என்றால், அந்த ஆளுக்கு இரண்டு இடத்திலிருந்தும் பார்க்கத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அடி வாங்குகிறவன் இடத்திலிருந்து ஒரு பார்வை, அடிக்கிறவன் எதைப் பார்க்கிறான் என்று தெரிந்து வைத்திருக்கிற இன்னொரு பார்வை. அடிமைப்பட்ட சனத்துக்கு இந்த இரண்டாவது கண் உயிர் பிழைக்கிற தேவையால் வந்தது. ஊர்க்காரனுக்கு அது கிடையாது. அவனுக்குத் தேவைப்படவில்லை. அவன் நிம்மதியாகச் சிரித்துவிட்டுச் சேனலை மாற்றிவிடுகிறான். நமக்குத்தான் சிரிப்பு பாதி தொண்டையில் நிற்கிறது. அந்தத் தொண்டையில் நிற்கிற பாதிதான் நம்முடைய விமர்சனம். அதை விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம். பேச வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ரெண்டு மூணு வேலை சொல்கிறேன். விடுதியில் டி.வி. ஓடும்போது, செல்போனில் காமெடி ஓடும்போது, மூன்று கேள்வி கேளுங்கள். அடி யார்மேல் விழுகிறது? சிரிப்பு எந்தத் திசையில் போகிறது? அடி வாங்குகிறவன் அடுத்த காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தச் சிரிப்பு நிற்குமா? மூன்றாவது கேள்விதான் உரைகல்.

அடுத்தது, பட்டப்பேர். உங்கள் வகுப்பில், அலுவலகத்தில், ஒரு ஆளை மட்டும் குறிவைத்துக் காமெடிப் பேர் சுற்றினால் அந்த ஆளுடைய பேரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். சின்ன வேலைதான். செய்து பாருங்கள், எவ்வளவு கோபம் வருகிறது அவர்களுக்கு என்று தெரியும்.

கடைசியாக, நம்முடைய காமெடியை நாம் செய்ய வேண்டும். நம் கவிதைகளில் அழுகை இருக்கிறது, கோபம் இருக்கிறது. நான் எழுதுகிறதிலும் அதுதான் இருக்கிறது. சேரிக்குள் ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் கிழவிகள் ஆண்டை வீட்டு அம்மாவை நடித்துக் காட்டுகிற நக்கல் இருக்கிறதே, அது எங்கே நம் எழுத்தில்? கூலி குறைத்துக் கொடுத்த கவுண்டர் காசு எண்ணுகிற விதத்தை எங்கள் பாட்டி நடித்துக் காட்டினால் தெருவே சிரிக்கும். அதில் அடி மேலே விழும். கட்டியங்காரன் இன்னும் நம் தெருவில்தான் இருக்கிறான். வேஷம் மட்டும்தான் கட்டாமல் இருக்கிறோம். நாடகம் போடத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், செல்போனில் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். செய்யுங்கள்.

வடிவேலுவை நான் இனிமேலும் பார்ப்பேன். என் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பேன். சிரிப்பேன். எந்த இடத்தில் சிரிக்கவில்லை என்பதையும், ஏன் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன்.

பேச்சு நீண்டுவிட்டது. இனி விவாதம். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். எல்லோரும் முதலில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள்.

ஜெய்பீம்.